உங்க வீட்ல எந்தத் தண்ணிங்க?

காபித்தூள் கடைக்கு வரும் குறைகளில் அடிக்கடி வருவது இது: "டிகாசன் எறங்கவே மாட்டீங்குதுங்க." கேட்ட கையோடு, தூள் நைசாகிவிட்டது போல, அடுத்த முறை கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படிக் கொடுத்தால் அடுத்த வாரம் அதே வீட்டிலிருந்து "தண்ணியா இருக்குதுங்க" என்று வரும். டிகாஷன் இறங்காமல் நிற்க வேறு காரணங்களும் உண்டு. சிக்கரி கூடுதலாக இருந்தால் வெந்நீர் பட்டதும் ஊறிப் பசைபோலப் படிந்துவிடும். ஃபில்டரின் கண் அடைத்திருக்கும். புதிதாகக் காபி போடப் பழகும் பிள்ளைகள் குடையை வைத்துத் தூளை ஓங்கி அமுக்கியிருப்பார்கள். அதனால் எங்கள் கடையில் இந்தக் குறை வந்தால் முதல் கேள்வி, "ஃபில்டரு புதுசுங்களா, பழசுங்களா?" பழசு என்றால் அடித்தட்டை அடுப்புத் தீயில் காட்டி, அடைத்த கண்களைத் திறந்துவிட்டு, அதே தூளை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்வோம். பல வீடுகளில் அத்தோடு சரியாகிவிடும். சரியாகாத வீட்டுக்குத்தான் அரைவையில் கை வைப்போம்.

வாடிக்கையாளரின் கருத்தைக் கேட்பது என்றால் என் கணக்கில் இதுதான்: ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு, அது பிறந்த அடுப்படி வரைக்கும் போவது. கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அதில் சின்னப் பங்கு.

கடை கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிறது. என் மாமனார் தொடங்கியது. அப்போது காபிக்கொட்டை விற்பனை முழுக்கக் காபி போர்டின் கையில் இருந்தது. தோட்டக்காரர்கள் விளைந்ததை போர்டிடம் கொடுத்துவிட வேண்டும். வியாபாரிகள் போர்டிடம் வாங்க வேண்டும். எல்லாக் கடைக்கும் கொட்டை ஒரே வாசல் வழியாக வந்தது. 1990களில் அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, 1996க்குப் பிறகு தோட்டக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் நேரே விற்கலாம் என்று ஆனது. ஒவ்வொரு கடையும் தனக்கென்று சிக்மகளூரிலோ குடகிலோ ஏற்காட்டிலோ தோட்டம் தேடிப் போனது. தெருவுக்குத் தெரு ருசி மாறியது. வாடிக்கையாளரின் நாக்கு என்ன சொல்கிறது என்று கவனித்தே தீர வேண்டிய காலம் அங்கிருந்துதான் எங்களுக்குத் தொடங்கியது.

மாமா ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் பேர் இருக்காது. 'ரெண்டாவது வீதி டீச்சர்: பீபெரி அரை, பிளாண்டேஷன் அரை, சிக்கரி 20, நிதான வறுவல்' என்பதுபோல ஒரு வரி, பக்கத்தில் வாங்கிய தேதிகள். பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டாகப் பிரியாமல் ஒற்றையாக உருண்டு விளைவது. உருண்டையாக இருப்பதால் வறுபடும்போது எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடு ஏறும். விலை அதிகம். டீச்சர் வீட்டில் சம்பளம் வந்த வாரம் பீபெரி முக்காலாகும், மாசக் கடைசியில் காலாகும். டீச்சர் அதை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லையாம். மாமா நோட்டைப் பார்த்து, "இந்த வாட்டி பிளாண்டேசன் நல்லா வந்திருக்குதுங்க, அதையே கொஞ்சம் சேத்திப் போடட்டுங்களா?" என்பாராம். கடைக்கு நான் வந்த புதிதில் இந்தக் கதையைச் சொல்லித்தான் நோட்டை என் கையில் கொடுத்தார்.

நான் அதில் சில பத்திகள் சேர்த்தேன். முதலாவது, காபி போடுவது யார்.

இது ரொம்ப முக்கியம். கடைக்கு வந்து தூள் வாங்குகிறவர் ஒருவர், வீட்டில் டிகாஷன் எடுப்பவர் இன்னொருவர், குடித்துவிட்டுத் தீர்ப்பு சொல்பவர் மூன்றாம் ஆள். பெரியவர் நடைப்பயிற்சி முடித்துவிட்டு வந்து, "வீட்ல என்னமோ சொன்னாங்க, போன தடவ அவ்வளவா சரியில்லையாம்" என்பார். என்ன சரியில்லை என்று அவருக்குத் தெரியாது. அவரை வைத்துக்கொண்டு எதையும் மாற்ற முடியாது. "அம்மாவுக்கு ஒரு போன் போட்டுத் தர்றீங்களாங்க?" என்று கேட்டு வாங்கி, அந்த அம்மாவிடம் பேசினால் இரண்டு நிமிடத்தில் விஷயம் வந்துவிடும். சில வீடுகளில் சமையலுக்கு வரும் அக்காவிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் சொல்வதுதான் மிகத் துல்லியமாக இருக்கும். நாலு வீட்டில் நாலு தூளைப் போட்டுப் பழகிய கை. எந்தத் தூள் எப்படி இறங்கும் என்று அவர்களுக்கு அத்துப்படி.

கேட்கிற விதமும் உண்டு. "தூளு நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டால் எங்கள் ஊரில் "இருந்துச்சுங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது. முகத்துக்கு நேரே குறை சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்த மக்கள். கொஞ்ச காலம் கல்லாவில் அட்டை வைத்து, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று நிரப்பச் சொன்னோம். எல்லாரும் ஐந்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். எதிரே நான் உட்கார்ந்திருக்கும்போது வேறு எப்படி நிரப்புவார்கள்? அட்டையை எடுத்துவிட்டு, நடந்ததைக் கேட்கத் தொடங்கினோம். "ரெண்டாம் டிகாசன் எடுக்கறீங்களா?" "எத்தன ஸ்பூன் போடறீங்க?" "பச்சப் பாக்கெட்டுப் பாலுங்களா, கறந்த பாலுங்களா?" இதற்கெல்லாம் பதில் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. முன்பு மூன்று ஸ்பூன் போட்டவர் இப்போது நாலு போடுகிறேன் என்றால், தூளில் பிடிப்பு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அவருக்கே அது குறையாகத் தோன்றியிருக்காது. பேச வேண்டிய நேரம், கொட்டையை எடை போட்டு மெஷினில் கொட்டுவதற்கு முன்பு. மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. அரைத்து முடித்ததும் அவர் கிளம்பிவிடுவார்.

கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இரண்டு கட்டளை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். 'ருசி சரியில்லை' என்று சுருக்கக் கூடாது. ஏனென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வழி இருக்கிறது. "கசக்குது" என்றால் வறுவல் தூக்கலாகியிருக்கலாம், அல்லது காலை டிகாஷனைச் சாயங்காலம் திரும்பக் கொதிக்க வைத்திருப்பார்கள். "புளிக்குது" என்றால் வறுவல் இளசு. பால் பழசாக இருந்தாலும் இதே சொல்தான் வரும். "மணமே இல்லீங்க" என்றால் தூள் வாங்கி நாளாகியிருக்கும், இல்லாவிட்டால் டப்பா அடுப்பை ஒட்டிய அலமாரியில் இருக்கும். "கருகல் வாடை அடிக்குது" என்றால் நான் கொட்டையைப் பார்ப்பதற்கு முன் சிக்கரியைப் பார்ப்பேன். எல்லாவற்றையும் 'ருசி சரியில்லை' என்று எழுதி வைத்தால் இந்த வழிகள் அத்தனையும் அடைபட்டுவிடும்.

இரண்டாவது கட்டளை, "வேற யாரும் அப்படிச் சொல்லலீங்களே" என்ற வாக்கியத்தை எங்கள் கடையில் யாரும் பேசக் கூடாது. உண்மையாகவே வேறு யாரும் சொல்லாமல் இருந்தாலும் பேசக் கூடாது. அதைக் கேட்ட மனிதர் பிறகு ஒருநாளும் எதையும் சொல்ல மாட்டார். சொல்லாமலே கடை மாறிவிடுவார். குறை சொல்ல வருகிறவர் ஒரு பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டியை நிறுத்த இடம் தேடி, படியேறி வந்திருக்கிறார். நம் கடை சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறை இல்லாவிட்டால் அவருக்கு இந்த வேலை எதற்கு?

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று ஊருக்குள் புகுந்து அடிக்கும். ஒரு வருடம் அந்தச் சமயத்தில் ஒரே நாளில் இரண்டு வீடுகளிலிருந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வீடுகள், "தூளு கட்டி கட்டியா இருக்குதுங்க" என்று ஒரே சொல் வந்தது. பொட்டலத்தில் வறுத்த தேதியை அச்சடித்திருப்போம். இரண்டும் ஒரே தேதி. போய்ப் பார்த்தால், புதிதாக வந்த சிக்கரி மூட்டை ஒன்று ஈரம் குடித்திருந்தது. சிக்கரி குஜராத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வருகிற கிழங்குச் சரக்கு. வறுத்த பிறகு காற்றில் இருக்கும் ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். மூட்டையை வியாபாரிக்குத் திருப்பி அனுப்பினோம். அதைவிட முக்கியமான வேலை அதன் பிறகு இருந்தது. நோட்டை வைத்து, அந்தத் தேதித் தூள் போன வீடுகளுக்கெல்லாம் நாங்களே போன் செய்து, "அந்தப் பாக்கெட்டு வேண்டாங்க, வேற தர்றோம்" என்று சொன்னோம். பெரும்பாலானோர் வித்தியாசத்தையே கவனித்திருக்கவில்லை. "எங்குளுக்கு ஒண்ணும் தெரியலியே கண்ணு, நீயே சொல்றயா?" என்று ஒரு ஆத்தா கேட்டார். அவருடைய பேத்தி கல்யாணத்துக்குக் காபித்தூள் எங்களிடம்தான் வாங்கினார்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் நகரின் மேற்குப் பக்கத்து வீடுகளுக்குச் சிறுவாணி, கிழக்கே பெரும்பாலும் பில்லூர், புறநகர் அடுக்குமாடிகளில் போர் தண்ணி, லாரித் தண்ணி. சிறுவாணித் தண்ணீரின் ருசிக்கு இந்த ஊர்க்காரர்கள் கொடுக்கும் மரியாதை எல்லாருக்கும் தெரியும். 2017 கோடையில் சிறுவாணி அணை அடிமட்டத்துக்கு வற்றிப்போனது. அந்த மாதங்களில் எங்கள் நோட்டில் "போன வாட்டி மாதிரி இல்லீங்க" என்ற வரி வரிசையாக விழுந்தது. தோட்டம் அதே, வறுவல் அதே, அரைவை அதே. குறை வந்த விலாசங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது முக்கால்வாசி மேற்குப் பக்கம். அந்த வீடுகளுக்கு அப்போது வேறு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து நோட்டில் 'தண்ணி' என்று ஒரு பத்தி. புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலில், "உங்க வீட்ல எந்தத் தண்ணிங்க?" சிலர் ஆச்சரியப்படுவார்கள். காபி டம்ளரில் பாலை எடுத்துவிட்டால் மிச்சம் பெரும்பாலும் தண்ணீர்தானே?

உப்பும் சுண்ணாம்பும் கூடிய போர் தண்ணீரில் அராபிகாவின் இலேசான புளிப்பும் பூமணமும் அமுங்கிப்போகும். காபி மண் மாதிரி சப்பென்று இருக்கும். அந்த வீடுகளுக்கு வறுவலை ஒரு படி ஏற்றி, ரோபஸ்டா கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் ருசி எழுந்து நிற்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் இன்னொரு சிக்கல்: எல்லாம் வடிகட்டப்பட்ட தண்ணீர், சாரம் சரியாக இறங்காது. அவர்களுக்கு அரைவையைச் சிறிது நைசாக்குவோம். இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் 50 கிராம் பொட்டலம் கொடுத்து, "போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. மாற்றிக் கொடுத்தால் அடுத்த முறை அவர்கள் வரும்போது, "தண்ணிக்குத் தக்கன மாத்தியிருந்தமே, எப்படி எறங்குச்சுங்க?" என்று நாமாகவே கேட்க வேண்டும். சொன்னதைக் கடை மனசில் வைத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதர்கள் அடுத்ததைச் சொல்வார்கள்.

ஆனால் சொன்னதையெல்லாம் கேட்டு ஆடவும் கூடாது. ஒருவர் வந்து வறுவல் இன்னும் கறுப்பாக வேண்டும் என்பார். அவருக்கு மட்டும் அப்படி வறுக்கலாம். அதற்காகக் கடையின் பொதுக் கலவையில் கை வைத்தால், ஒன்றுமே சொல்லாமல் இத்தனை வருடம் வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு நாம் துரோகம் செய்கிறோம். அவர்களுடைய மௌனமும் ஒரு கருத்து என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மௌனத்தில் இன்னொரு வகை, வராமல் போவது. அதை நோட்டின் தேதிகள்தான் காட்டிக்கொடுக்கும். மாதம் இரண்டு முறை அரைக்கிலோ வாங்கும் வீட்டிலிருந்து ஒரு மாதமாக யாரும் வரவில்லை என்றால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன். போன் செய்து "ஏன் வரலை?" என்று கேட்பது அநாகரிகம். "புது வறுவல் எறக்கியிருக்கறமுங்க" என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள். வைத்தியர் காபியை நிறுத்தச் சொல்லியிருப்பார், மகன் வீட்டுக்குச் சென்னைக்குப் போயிருப்பார்கள், வீட்டுப் பக்கத்தில் புதுக் கடை வந்திருக்கும். ஒரு அம்மா சொன்ன பதில் என்னை உலுக்கிவிட்டது. கணவர் இறந்துபோய், பிள்ளைகள் அமெரிக்காவில். தனி ஆளுக்கு நூறு கிராம் போதும். "கிலோக் கணக்குல வாங்குன கடையில வந்து நூறு கிராம் கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு சாமி." இந்த ஊரில் அப்படித் தனியாக இருக்கும் பெரியவர்கள் ஏராளம். அதன் பிறகு நூறு கிராம் பொட்டலங்களை உள்ளே அலமாரியில் வைக்காமல், கல்லாவுக்கு முன்னால் யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி அடுக்கி வைத்தோம். அந்த அம்மா வந்தார். அவரைப் போல இன்னும் பலர் வந்தார்கள். அவர்கள் அதுவரை வராமல் இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

கடந்த இரண்டு வருட விலையேற்றம் இந்தத் தொழிலில் எல்லாரையும் ஆட்டிவிட்டது. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. இங்கே தோட்டத்து விலையும் கூடவே ஏறியது. பச்சைக் கொட்டை ஒரு கிலோ வறுத்தால் கைக்கு வருவது 820, 850 கிராம்தான். ஏறுகிற விலை அந்தக் கழிவோடு சேர்ந்து ஏறும். இந்த நேரத்தில் கைக்கு எட்டும் குறுக்குவழி சிக்கரி. சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதம் இருந்தால் போதும், பங்கைப் பொட்டலத்தில் அச்சடித்தால் போதும். 20ஐ 30 ஆக்கி, அதைச் சின்ன எழுத்தில் அடித்துவிட்டு, பழைய விலையிலேயே விற்கலாம். எங்களிடம் நாற்பது வருடமாக வாங்கும் வீடுகளுக்கு அப்படிச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமைகளில் கடை வாசலில் மேஜை போட்டு மூன்று டிகாஷன் இறக்கி வைத்தோம். பழைய கலவை, புது விலை. சிக்கரி கூடிய கலவை, பழைய விலை. ரோபஸ்டா கால் பங்கு சேர்த்த கலவை, நடு விலை. மூன்றையும் பாலோடும் பாலில்லாமலும் குடிக்கக் கொடுத்தோம். பாலில்லாமல் குடித்தவர்கள் பழைய கலவையை விட்டுக்கொடுக்கவே இல்லை. பாலோடு குடித்தவர்களில் பலர் ரோபஸ்டா கலந்ததை எடுத்தார்கள். அதன் கட்டி பாலைத் தாங்கி நிற்கும். நான் எதிர்பாராதது, நிறையப் பேர், "கலவைய மாத்த வேண்டாம், நாங்க ஒரு வேளையக் கொறச்சுக்கறோம்" என்று சொன்னது. அரைக்கிலோ வாங்கியவர்கள் 400 கிராம் வாங்கினார்கள். விற்பனை எடையில் குறைந்தது, வீடுகளின் எண்ணிக்கையில் அவ்வளவாகக் குறையவில்லை. மலிவாகக் கிடைக்கும் இடத்துக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை; நோட்டில் அவர்களுடைய கலவை அப்படியே இருக்கிறது.

இப்போது எனக்குப் பெரிய கவலை, முகமே பார்க்காத வாடிக்கையாளர்கள். போனில் ஆர்டர் போடுகிறார்கள், தூள் வீட்டுக்குப் போகிறது, யார் போட்டார்கள், எப்படி இறங்கியது, ஒன்றும் திரும்பி வருவதில்லை. ஆகவே கடையில் ஒரு பெண்ணை இதற்கென்றே வைத்திருக்கிறோம். காலைச் சமையல் ஓய்ந்த பிறகு, பதினொரு மணிக்கு மேல், தினமும் சில வீடுகளுக்குப் பேசுவாள். விற்பனைப் பேச்சு ஒரு வார்த்தையும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சரவணம்பட்டிப் பக்கத்துக் கம்பெனிகளில் இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து அவள் ஒரு செய்தி கொண்டுவந்தாள்: ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக டிகாஷன் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து வாரம் முழுக்கக் குடிக்கிறார்களாம். எங்கள் தூள் எதையும் அப்படி நினைத்து நாங்கள் கலந்ததே இல்லை. கடையின் ஃபிரிட்ஜில் இப்போது நாலு பாட்டில் டிகாஷன் இருக்கிறது. தினமும் காலையில் கடைப் பிள்ளைகள் எல்லாருமாகக் குடித்துப் பார்க்கிறோம். பீபெரி மூன்றாம் நாள் வரை தாங்குகிறது, பிறகு மணம் விழுந்துவிடுகிறது. ரோபஸ்டா கலந்தது இன்னும் சில நாள் நிற்கிறது, ஆனால் கடைசியில் கசப்பு ஏறுகிறது. அடுத்த வாரம் அந்த வீடுகளுக்கு இரண்டு கலவையில் நூறு நூறு கிராம் அனுப்பப் போகிறோம். எது பிடித்தது என்று கேட்க வேண்டாம், எந்தப் பொட்டலம் முதலில் தீர்ந்தது என்று மட்டும் கேள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.